அத்தை போட்ட கோடுகள்

ஸ்ரீவராகம் கோயில் குளத்தை ஒட்டிய தெரு ஒன்றில் என் அத்தை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து வருகிறார். நாகர்கோவிலில் பிறந்து, திருமணமாகித் திருவனந்தபுரம் வந்தவர். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் இது வழக்கமான செய்திதான். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணையும் வரை இரண்டு ஊர்களும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தன. எல்லை மாறிய பிறகும் கொள்வினை கொடுப்பினை மாறவில்லை. அத்தை வீட்டில் தமிழ் பேசுவார். கடைத்தெருவில் மலையாளம் பேசுவார். வாசிப்பது தமிழ் மட்டுமே. ஒருவர் எந்த மொழியில் வாசிக்கிறார் என்பது அவருடைய உயிரைத் தொடும் செய்தியாகவும் ஆகக்கூடும் என்பதைச் சென்ற ஆண்டுதான் நான் அறிந்தேன்.

நான் காரியவட்டம் வளாகத்தில் தமிழ் ஆய்வு செய்பவர்களுள் ஒருவர். மருந்தியல் என் துறையன்று. ஆகவே இப்பதிவை மருத்துவ அறிவுரையாகக் கொள்ள வேண்டாம். ஒரு மருந்துக்கடையின் முன்னால் நின்று நான் கற்றுக்கொண்டதை, ஆய்வுலக நண்பர்களும் மாணவர்களும் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு அத்தைக்குப் பெருங்குடலில் புற்றுநோய் கண்டறியப்பட்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. நோய் மீண்டும் தலையெடுக்காதிருக்கக் கீமோதெரபி வேண்டும் என்றார்கள். அதன் முறை இது: 21 நாட்கள் ஒரு சுற்று. முதல் நாள் மருத்துவமனையில் ஆக்சாலிபிளாட்டின் என்னும் மருந்தைச் சிரை வழியாக ஏற்றுவார்கள். அன்று தொடங்கி 14 நாட்கள் வீட்டிலேயே கேப்பசிட்டபின் மாத்திரை சாப்பிட வேண்டும்; பின்னர் 7 நாட்கள் ஓய்வு. அத்தையின் உடலளவுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை காலையில் 3, இரவில் 3. ஒரு சுற்றுக்கு 84 மாத்திரைகள். இவ்வாறு எட்டுச் சுற்றுகள்.

இக்கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 21 நாட்களில் மருத்துவரும் செவிலியரும் நோயாளியைப் பார்ப்பது ஒரு நாள். எஞ்சிய 20 நாட்களும் அவர் தம் வீட்டில் இருக்கிறார். வீரியமும் நஞ்சும் ஒருங்கே கொண்ட ஒரு மருந்தைத் தம் கையாலேயே எடுத்து விழுங்குகிறார். கீமோதெரபி என்றால் கட்டிலும் ஊசியும் சொட்டுக் குழாயும் நம் நினைவுக்கு வரும். இன்று அதில் ஒரு பெரும் பகுதி சமையலறை அலமாரிக்கு, சீனி டப்பாவுக்குப் பக்கத்தில், இடம் மாறிவிட்டது. அதற்கேற்ப அறிவும் இடம் மாறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அது இடம் மாறவில்லை. சிகிச்சை நடந்தது தனியார் மருத்துவமனை ஒன்றில். பெயர் இங்கே தேவையில்லை. முதற்சுற்றின் மாலையில் ஒரு துணிப்பை நிறைய மருந்தும், ஆங்கிலத்தில் அச்சிட்ட நான்கு பக்கத் தாளும் தந்தார்கள். "வாந்தி, பேதி, கைகால் எரிச்சல் வரலாம், எல்லாருக்கும் வருவதுதான்" என்று ஒருவர் சொன்னார். எல்லாருக்கும் வருவதுதான் என்ற ஆறுதலை அத்தை அப்படியே மனத்தில் இருத்திக்கொண்டார். அந்த நான்கு பக்கத் தாள் கோப்பின் அடியில் மடங்கிக் கிடந்தது. அதை வாசித்திருக்க வேண்டியவள், வாசிக்கத் தெரிந்தவள், வீட்டில் நான்தான். நானும் வாசிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. விடுதியிலிருந்து மாலையில் அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தை திண்ணையில் சாய்ந்திருந்தார். முகம் வற்றியிருந்தது. "கொஞ்சம் வயித்தால போகுது மக்ளே, கடையில ஒரு மாத்திர வாங்கிட்டு வா" என்றார். மறு பேச்சின்றிக் கடைக்கு நடந்தேன். நாம் எல்லாரும் அப்படித்தான் நடப்போம்.

அந்தக் கடையின் மருந்தாளுநர் நடுவயதுப் பெண்மணி, மலையாளி. பேதிக்கு லோப்பரமைடு வேண்டும் என்றேன். எடுத்துத் தருவதற்கு முன் அவர் மலையாளம் கலந்த தமிழில் நான்கு கேள்விகள் கேட்டார். யாருக்கு? ஒரு நாளைக்கு எத்தனை தடவை? இரவில் எழுந்து போகிறாரா? வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார்? முதற்கேள்விக்கும் கடைசிக் கேள்விக்கும்தான் என்னிடம் விடை இருந்தது. கேப்பசிட்டபின் என்ற பெயரைச் சொன்னதும் அவர் கையில் எடுத்த அட்டையைக் கீழே வைத்துவிட்டார். அங்கிருந்தே அத்தையைத் தொலைபேசியில் அழைக்கச் சொன்னார். தாமே பேசினார். ஏழெட்டுத் தடவை, மூன்று நாட்களாக, இரவிலும் என்று அத்தை முதன்முறையாக ஒருவரிடம் சொன்னார். அது முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், தொலைபேசியில், மலையாளத்தில்.

"இன்றைக்கு இரவு மாத்திரையைக் கொடுக்காதீர்கள். கோப்பில் மருத்துவமனை எண் இருக்கும், இப்போதே கூப்பிடுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள்" என்றார் மருந்தாளுநர். உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களை மட்டும் தந்தார். அன்றிரவே அத்தையைச் சேர்த்தோம். உடலில் நீரும் உப்பும் வெகுவாகக் குறைந்திருந்தன, வெள்ளணுக்களும் குறைந்திருந்தன. ஐந்து நாட்கள் இருக்க நேர்ந்தது. இரண்டு நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பணியிலிருந்த இளம் மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார்.

பின்னர் நான் வாசித்துத் தெரிந்துகொண்டது இது. கேப்பசிட்டபின் உட்கொள்பவருக்கு வழக்கத்தைவிட நான்கு தடவைக்கு மேல் வயிறு போனாலோ, இரவில் எழுந்து போக நேர்ந்தாலோ, மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பது அம்மருந்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. அந்த நான்கு பக்கத் தாளிலும் மூன்றாம் பக்கத்தில் அது இருந்தது. அத்தை செய்ததோ நேர்மாறு. மூன்று நாட்களும் ஒரு மாத்திரையும் விடாமல் விழுங்கியிருந்தார்.

ஏன் சொல்லவில்லை என்று கட்டிலருகே உட்கார்ந்து கேட்டேன். "மருந்து வேல செய்யுதுன்னு நெனச்சேன் மக்ளே. நோயி வெளிய போகுதுன்னுல்லா இருந்தேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "இதையெல்லாம் போயி ஒரு டாக்டர்ட்ட எப்பிடிச் சொல்ல?" என்றார். இரண்டு வாக்கியங்களில் இரண்டு தடைகள். துன்பம் என்பது மருந்து பலிப்பதற்கான அடையாளம் என்ற நம்பிக்கை ஒன்று. உடலின் சில செயல்களை வாயால் சொல்லக் கூசும் நாணம் மற்றொன்று. பொறுத்துக்கொள்வதை நற்பண்பாகப் போற்றிப் பெண்களை வளர்க்கும் ஒரு சமூகத்தில், எழுபதை நெருங்கும் ஒருவர் இவ்விரண்டையும் தாண்டிவருவது எளிதன்று. அவருடைய அறியாமை என்று இதைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கவே கூடாது என்று அவருக்கு யாரும் பிரித்துக் காட்டவில்லை.

வீடு திரும்பிய பிறகு நன்றி சொல்ல அந்தக் கடைக்குப் போனேன். நன்றியை வாங்கிக்கொள்ள அவருக்கு நேரமில்லை. "அடுத்த சுற்று எப்போது? அதற்கு முன்னால் வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள். மதியம் இரண்டு மணிக்குக் கூட்டம் இருக்காது" என்றார். அத்தையையும் அழைத்துக்கொண்டு போனேன்.

பையைக் கொட்டியதும் அவர் கண்ணில் முதலில் பட்டது, பக்கத்து வீட்டார் அன்போடு வாங்கிக் கொடுத்திருந்த சத்து மாத்திரை. அதில் ஃபோலிக் அமிலம் இருந்தது. கேப்பசிட்டபினுடன் அது சேர்ந்தால் மருந்தின் நச்சுத்தன்மை கூடக்கூடும். முதற்சுற்றின் வேதனைக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்றார். மருத்துவரிடம் கேட்காமல் அதைத் தொட வேண்டாம் என்று தனியே எடுத்து வைத்தார். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறாரா, வலிப்புக்கு ஃபெனிட்டாயின் உண்டா என்று கேட்டார். கேப்பசிட்டபினோடு சேர்ந்தால் இவற்றின் வேகம் ஆபத்தான அளவுக்கு ஏறும். அடுத்து, வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி உறவினர் ஒருவர் கொண்டுவந்து தந்த முள்சீத்தா இலை. மலையாளிகள் முள்ளாத்த என்பார்கள். புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று கேரளமெங்கும் பேசப்படும் இந்த இலைக்கு அப்படியொரு சான்று மனிதரிடம் நிறுவப்படவில்லை. கரீபியக் கடலின் குவாதலூப் தீவில் பார்க்கின்சன் நோயை ஒத்த ஒரு நரம்புக் கோளாற்றுக்கும் இதன் பழத்தையும் இலைத் தேநீரையும் உட்கொள்வதற்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று 1999இலேயே ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மருந்தாளுநர் இவ்வளவும் விரித்துச் சொல்லவில்லை. "அம்மா, இரண்டு மருந்து ஒரே நேரத்தில் ஓடினால் எது நல்லது செய்கிறது, எது கெடுதல் செய்கிறது என்று டாக்டருக்குத் தெரியாமல் போகும். இது முடியட்டும்" என்றார். அத்தை இலையைக் கொல்லைப்புறத்தில் போட்டுவிட்டார். நான் சொல்லியிருந்தால் போட்டிருக்க மாட்டார்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளில் மூன்று கட்டம் போட்டார். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பது முதற்கட்டம். இன்றே தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்பது இரண்டாவது. உடனே வண்டி பிடித்துப் புறப்பட வேண்டும் என்பது மூன்றாவது. அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதினேன்.

முதற்கட்டத்தில் வந்தவை பெரும்பாலும் அன்றாட வாழ்வின் சிறு திருத்தங்கள். மாத்திரையை உணவு முடிந்து அரைமணி நேரத்திற்குள் தண்ணீரோடு விழுங்குவது; ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாகச் சாப்பிடாதிருப்பது. வாய்ப்புண் வராதிருக்க மென்மையான பிரஷ்ஷும், உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெந்நீர் ஆறியபின் கொப்பளிப்பதும். எரியும் வாய்க்கழுவிகளைத் தவிர்ப்பது. ஆக்சாலிபிளாட்டின் ஏற்றிய சில நாட்களுக்குக் குளிர்ந்த நீரையும் குளிர்பெட்டிக்குள் கைவிடுவதையும் தவிர்ப்பது. அந்த மருந்து நரம்புகளைக் குளிருக்குக் கூசச் செய்யும். தொண்டை அடைப்பதுபோல் தோன்றி நோயாளி அஞ்சிப்போவார். வாந்திக்குத் தரும் ஒண்டான்செட்ரான் சிலருக்கு மலச்சிக்கலை உண்டாக்கும் என்பதையும் முன்பே தெரிந்துகொள்வது.

கைகால் எரிச்சலுக்கு அவர் நேரம் ஒதுக்கிப் பேசினார். கேப்பசிட்டபின் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் சிவக்கச் செய்து, உரித்து, சில வேளைகளில் வெடிக்கவும் வைக்கும். உராய்வும் சூடும் அதை வளர்க்கும். ஆகவே துணியைக் கல்லில் அடித்துத் துவைப்பதும், சூடான பாத்திரத்தை வெறுங்கையால் பிடிப்பதும், இறுக்கமான செருப்பும் கூடா. அத்தை நாள்தோறும் ஸ்ரீவராகம் கோயிலுக்குப் போவார் என்பதைக் கேட்டறிந்து, "கோயிலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. உச்சிவெயிலில் சுட்ட கல்லில் வெறுங்காலோடு சுற்ற வேண்டாம். விடிகாலையில் போங்கள், கல் குளிர்ந்திருக்கும்" என்றார். எந்த வழிகாட்டி நூலிலும் இவ்வாக்கியம் இராது. ஆனால் எல்லா வழிகாட்டி நூல்களும் சொல்ல விரும்புவது இதைத்தான். நோயாளியின் வாழ்க்கையை அறிந்தவர் ஒருவர் வாயில் மட்டுமே அது இவ்வடிவம் எடுக்கும்.

இத்துறையில் நம் நாட்டு ஆய்வே வழிகாட்டியிருப்பதையும் பின்னர் அறிந்தேன். புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் கேப்பசிட்டபின் பெறும் 264 பேரிடம் நடத்திய சோதனை 2024இல் வெளியானது. டைக்லோஃபினாக் களிம்பைக் கைகளில் பூசியவர்களுள் 3.8 விழுக்காட்டினருக்கே கைகால் பாதிப்பு நடுத்தரமாகவோ கடுமையாகவோ வந்தது. வெற்றுக் களிம்பு பூசியவர்களுள் அது 15 விழுக்காடு. எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும் ஒரு மூட்டுவலிக் களிம்பு கீமோதெரபியை இடைநிற்காமல் காக்கக்கூடும். அத்தைக்கு அதை மருத்துவரிடம் கேட்டே தொடங்கினோம்.

மூன்றாம் கட்டத்தில் முதலில் எழுதியது காய்ச்சல். வெப்பமானியில் 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால் புறப்பட வேண்டும். இரவு இரண்டு மணியானாலும் சரி. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் உடலில் தொற்று சில மணி நேரத்தில் பரவிவிடும். வெப்பநிலையைப் பாராமல் பாரசிட்டமால் போட்டு அடக்கினால் அந்த எச்சரிக்கை மணியை நாமே அணைத்தவர்கள் ஆவோம். காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை என்பது நம் வீடுகளின் மிகப் பழைய சுயமருத்துவம். கீமோதெரபி காலத்தில் அதுவே மிக ஆபத்தான சுயமருத்துவம்.

இனி அந்த நாணத்திற்கு வருகிறேன். வயிறு எத்தனை தடவை போனது என்பதை அத்தை எப்படிச் சொல்வார்? மருந்தாளுநர் அதற்கும் வழி வைத்திருந்தார். "அம்மா, சொல்ல வேண்டாம். நாட்காட்டித் தாளில் ஒரு கோடு போடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு கோடு. நாலு கோடு வந்தால், பெண்ணிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள்." அத்தை வீட்டுச் சுவரில் நாள்தோறும் கிழிக்கும் தமிழ் நாட்காட்டி தொங்குகிறது. அன்று முதல் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் பென்சில் கோடுகள் விழத் தொடங்கின. வாய்ப்புண்ணுக்கு ஒரு வட்டம், கைகால் எரிச்சலுக்கு ஒரு புள்ளி என்று அத்தை தாமாகவே அடையாளங்களைக் கண்டுபிடித்தார். கிழித்த தாள்களை எறியாமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்துவைத்தார். ஒவ்வொரு சுற்றின் முதல் நாளும் அந்த டப்பா மருத்துவமனைக்கு எங்களோடு வந்தது. இரண்டாம் சுற்றிலிருந்து மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைத்திருந்தார். ஐந்தாம் சுற்றில் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு வாரம் தள்ளிவைத்தார். வாய் சொல்லாததைப் பென்சில் சொல்லிற்று.

இது வெறும் வீட்டுச் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். 2017இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்திலிருந்து வெளிவந்த ஆய்வொன்று என் எண்ணத்தை மாற்றியது. உடலில் பரவிய புற்றுநோயுள்ள 766 பேரை அவர்கள் இரு பிரிவாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பிரிவினர் தம் 12 பொதுவான அறிகுறிகளைத் தாமே கணினியில் குறித்துவந்தார்கள். அறிகுறி மோசமானால் செவிலியருக்கு எச்சரிக்கை போகும். மற்றப் பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. குறித்துவந்தவர்களின் இடைநிலை வாழ்நாள் 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26 மாதம். புதிய மருந்து எதுவும் இல்லை. தம் துன்பத்தை அவர்கள் சொன்னார்கள், அதைக் கேட்க ஒருவர் இருந்தார், வேறுபாடு அவ்வளவே. பிஸ்கட் டப்பாவையும் நியூயார்க் ஆய்வையும் ஒப்பிடுவது மிகையாகலாம். ஆனால் இரண்டிலும் இயங்கும் கொள்கை ஒன்றே.

சுயபராமரிப்பு என்ற சொல்லை இங்கே சற்று ஆராய வேண்டியிருக்கிறது. சுகாதாரப் பணியாளரின் துணையோடோ துணையின்றியோ மக்கள் தம் நலத்தைத் தாமே பேணிக்கொள்ளும் திறன் என்ற பொருளில் உலக சுகாதார நிறுவனம் இதை விளக்குகிறது. நல்ல விளக்கம்தான். ஆனால் துணையின்றியோ என்ற ஒரு சொல்லுக்குள் ஒரு குடும்பமே காணாமல் போகலாம் என்பதை அந்த ஒன்பது நாட்களில் கண்டேன். முதற்சுற்றில் அத்தை செய்ததும் சுயபராமரிப்புதான்: தாமே சமைத்தார், தாமே மாத்திரை எடுத்தார், தாமே பொறுத்தார். இரண்டாம் சுற்றில் செய்ததும் சுயபராமரிப்பே. இரண்டுக்கும் இடையே இருந்தது இரண்டு மணிக்கு நடந்த முக்கால் மணி நேரப் பேச்சு. தம்மைத் தாம் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஒருவர் உட்கார்ந்து சொல்லித்தராத வரை, அச்சொல் மருத்துவ அமைப்பு தன் பொறுப்பை வீட்டுப் பெண்களின் மேல் இறக்கிவைப்பதற்கான நாகரிகப் பெயராகவே இருக்கும்.

அந்தப் பேச்சு ஒரு தனிமனிதரின் பெருந்தன்மை மட்டுமன்று. அது அவருடைய தொழிலின் கடமையாகவும் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டத்தின்கீழ் 2015இல் அறிவிக்கப்பட்ட மருந்தியல் நடைமுறை ஒழுங்குவிதிகள், மருந்தை வழங்கும் பதிவுபெற்ற மருந்தாளுநர் நோயாளியோடு எவற்றைப் பேச வேண்டும் என்று பட்டியலிடுகின்றன. கடுமையான பக்கவிளைவுகள், அவை வந்தால் செய்ய வேண்டியது, மருந்தின் போக்கை நோயாளி தாமே கண்காணிக்கும் முறை, ஒரு வேளை தவறினால் செய்ய வேண்டியது ஆகிய எல்லாம் அதில் உள்ளன. நோயாளியோடு பணியாற்றுவதற்கென்றே ஆறாண்டு டாக்டர் ஆஃப் பார்மசி படிப்பும் 2008 முதல் நம் நாட்டில் நடக்கிறது. படித்து வெளிவரும் இளைஞர்களுள் எத்தனையோ பேர் மருந்து நிறுவனங்களின் தரவு அலுவலகங்களுக்குப் போய்விடுகிறார்கள். நோயாளியின் முன்னால் அவர்களுக்கு நாற்காலி போடப்படவில்லை.

அந்த நாற்காலியால் என்ன பயன் என்பதற்கும் சான்று உண்டு. ஜெர்மனியின் பான் நகரில் 2011இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், கேப்பசிட்டபின் பெற்ற 48 பேருள் பாதிப்பேருக்கு மருந்தாளுநரின் தொடர் ஆலோசனை கிடைத்தது. அவர்கள் மாத்திரையை ஒழுங்காக உட்கொண்ட அளவு 97.9 விழுக்காடு; மற்றவர்களுக்கு 90.5. எர்லாங்கன் பல்கலைக்கழகத்திலிருந்து 2021இல் வெளிவந்த ஆய்வு இன்னும் பெரியது. வாய்வழிப் புற்றுநோய் மருந்து தொடங்கிய 202 பேரில், மருந்தாளுநரும் மருந்தியல் மருத்துவரும் தனிக்கவனம் செலுத்திய பிரிவில் ஒரு நோயாளிக்குச் சராசரியாக 3.85 மருந்துச் சிக்கல்கள்; வழக்கமான கவனிப்பில் 5.81.

கேரளம் இதற்குத் தகுதியான நிலம். 1981 முதல் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இயங்கும் மண்டலப் புற்றுநோய் மையத்தைத் தேடிக் குமரி, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். 2008இலேயே வலிதணிப்புப் பராமரிப்புக்கென ஒரு கொள்கையை இம்மாநிலம் வகுத்தது. செவிலியர் நோயாளியின் வீட்டு வாசலுக்கே போகும் வழக்கம் இங்கே வேரூன்றியிருக்கிறது. 2024 ஆகஸ்டில் காருண்யா மருந்தகங்களில் இலாபமின்றிப் புற்றுநோய் மருந்து விற்கும் காருண்ய ஸ்பர்சம் திட்டம் தொடங்கப்பட்டது. விலை குறைந்தது பெரும்பேறு. அதே சாளரத்தில் விலையோடு சேர்த்து முக்கால் மணி நேரமும் கிடைக்குமானால், அதுவும் தமிழ் மட்டும் வாசிக்கும் ஒருவருக்குத் தமிழிலேயே கிடைக்குமானால் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

தடைகளையும் மறைக்கக் கூடாது. கடையில் மாலையில் ஆறு பேர் முண்டியடிப்பார்கள். பேச மறைவிடம் இல்லை. பல இடங்களில் மருந்தை எடுத்துத் தருபவர் மருந்தாளுநரே அல்லர். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. விற்ற மருந்துக்கே வரும்படி. விற்காமல் கீழே வைத்த லோப்பரமைடு அட்டையால் அந்தப் பெண்மணிக்கு நட்டமே. மருத்துவர் தந்த திட்டத்தில் மருந்தாளுநர் தலையிடுகிறார் என்ற முகச்சுளிப்பும் எழக்கூடும். எங்கள் கதையில் அவர் ஒருமுறையும் மருத்துவரின் இடத்தில் உட்காரவில்லை. எப்போது மருத்துவரை அழைக்க வேண்டும் என்பதைத்தான் சொல்லித்தந்தார். அதைச் சொல்லித்தர ஆளில்லாததே எங்கள் துன்பமாக இருந்தது.

இடையில் ஒரு சிறு நிகழ்ச்சி. நான்காம் சுற்றுக்குப் பிறகு நியாயவிலைக் கடையில் அத்தையின் கைரேகையை இயந்திரம் ஏற்கவில்லை. மூன்று விரல்களை மாற்றி வைத்தும் பயனில்லை. "நான் நான்தான்னு மிசினுக்குத் தெரியலியாம்" என்று சிரித்துக்கொண்டே வந்தார், அன்றிரவு சாப்பிடவில்லை. கேப்பசிட்டபின் விரல்ரேகையைத் தற்காலிகமாக அழித்துவிடும் என்பது மருத்துவ உலகம் அறிந்ததே. இம்மருந்து உட்கொண்ட சிங்கப்பூர் முதியவர் ஒருவரை ரேகை இல்லாத காரணத்தால் அமெரிக்க விமான நிலையத்தில் நிறுத்திவைத்த செய்தி 2009இல் ஒரு மருத்துவ இதழில் வெளியாயிற்று. மறுநாள் மருந்தாளுநரிடம் சொன்னோம். அவர் அத்தையின் கையைப் பிடித்துப் பார்த்தார். "மருந்து முடிந்தால் திரும்பி வரும் அம்மா. அதுவரைக்கும் போனில் வரும் எண்ணைச் சொல்லி வாங்கலாம்" என்றார். அத்தை அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டார். பக்கவிளைவு என்ற நம் தமிழ்ச்சொல் மருந்தின் பக்கத்திலிருந்து உருவானது. பக்கத்தில் இருப்பது நோயாளிக்குச் சில நேரம் மையமாகிவிடுகிறது என்பதை அச்சொல் சொல்வதில்லை.

எட்டுச் சுற்றுகளும் முடிந்தன. அத்தை இப்போது மூன்று மாதத்திற்கொரு முறை பரிசோதனைக்குப் போய்வருகிறார். பாதங்களில் மரத்த உணர்வு இன்னும் முழுதாக விலகவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய அந்த மூன்று கட்டத் தாளை மருந்தாளுநர் திருத்தி, படியெடுத்துக் கடையில் வைத்திருக்கிறார். தமிழ் வாசிக்கும் நோயாளிகளின் வீட்டார் வந்தால் கொடுக்கிறார். அதில் வயிற்றுப்போக்கு என்று நான் எழுதியிருந்த இடத்தில் அத்தை ஒரு திருத்தம் சொன்னார்: "வயித்தால போனா ன்னு எழுது மக்ளே. அப்பதான் வெளங்கும்." முனைவர்ப் பட்ட ஆய்வில் நான் பெற்ற திருத்தங்களுள் அதுவே சிறந்தது.

என் நண்பர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். மொழித்துறையிலும் மருந்தியல் கல்லூரிகளிலும் இருப்பவர்களே, ஒரு மருந்துக்கு ஒரு பக்கம் என்ற அளவில், நோயாளி பேசும் தமிழில், இத்தகைய தாள்களைச் சேர்ந்து எழுதுவோம். எழுதியதை நோயாளிகளிடம் வாசித்துக்காட்டித் திருத்துவோம். மருந்தால் நேர்ந்த தீங்கை நோயாளியே தெரிவிக்க இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் இயங்குகிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணும் உண்டு. அதையும் அத்தாளில் சேர்ப்போம்.

மற்றொன்று எல்லாருக்கும். வீட்டில் யாரேனும் கீமோதெரபியில் இருந்தால், ஒரு காய்ச்சல் மாத்திரை வாங்கப் போனாலும், கடையில் அதைச் சொல்லிவிட்டு வாங்குங்கள். யாருக்கு என்று அவர் கேட்டால், விரைவில் தாருங்கள் என்று அவசரப்படுத்தாதீர்கள். நான்கு கேள்விகளும் முடியட்டும்.